கதிரொளியால் கிருமி நீக்கம்
(அங்கத்தினர் கல்விப் பாடம்)

சங்கரன்கோவில் வட்டாரத்தில் தறியும் தோட்டமும் அண்டை வீட்டார். ஒரு தெருவில் பாவு ஓடும். அத்தெருவின் சாக்கடை ஊரைக் கடந்ததும் யாரேனும் ஒருவரது தோட்டத்தின் வரப்பைத் தொடும். வற்றாத ஆறு ஏதும் நகரை ஒட்டி ஓடவில்லை. கிணற்றையும் குளத்தையும் நம்பியே பூவும் காய்கறியும் பயிராகின்றன. மழை பொய்த்த ஆண்டில் ஓடுகிற கழிவுநீரும் ஒரு நீராதாரமாகவே விவசாயியின் கண்ணுக்குத் தோன்றுவதில் வியப்பில்லை.

அண்மைக் காலமாக, நாம் பார்வையிடச் செல்லும் சங்கங்களில் ஒரு கேள்வி எழுகின்றது. "வெயில் பட்டால் வேலை செய்யும் ஒரு நுண்பொடி வந்திருக்கிறதாமே! அதைக் கழிவுநீரில் கலந்தால் கிருமிகள் அனைத்தும் மடிந்துவிடுமாமே! சங்கமே மொத்தமாக வாங்கி அங்கத்தினருக்குக் கொடுத்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூறுவது முறையாகாது. அப்பொடியின் பின்னால் உண்மையான விஞ்ஞானம் இருக்கிறது. அதே சமயம் அதன் பெயரால் சொல்லப்படுவன யாவும் உண்மையல்ல. சங்கத்தின் பணமோ, தறியிலும் தோட்டத்திலும் உழைத்துச் சேர்த்த பங்குப் பணம். ஆதலின் அங்கத்தினர்கள் இப்பொருளைத் தாமே ஆராய்ந்து முடிவு செய்யத்தக்க அளவுக்கு இப்பாடத்தில் விளக்க முயல்வோம்.

1. கழிவுநீரில் இருப்பது யாது?

வீட்டுக் கழிவுநீரில் அழுக்கும் சோப்பும் மட்டுமல்ல, மனிதக் குடலிலிருந்து வெளிப்படும் நுண்ணுயிர்களும் உள்ளன. அவற்றுட் பல தீங்கற்றவை. சில வாந்திபேதி, டைபாய்டு, சீதபேதி, காமாலை முதலிய நோய்களைத் தருபவை. ஒவ்வொரு நோய்க் கிருமியையும் தனித்தனியே தேடிக் காண்பது கடினமாகையால், குடலில் மிகுதியாக வாழும் 'கோலிஃபார்ம்' என்னும் கிருமி வகையை எண்ணி, அதனைக் கொண்டு நீரின் தன்மையை மதிப்பிடுவர். பரிசோதனைச் சீட்டில் "100 மில்லிலிட்டரில் இத்தனை" என்று குறிப்பது இதனையே. சுத்திகரிக்கப்படாத சாக்கடை நீரில் இவ்வெண்ணிக்கை 1 கோடியாக இருப்பது சாதாரணம்.

கிருமிகளன்றிக் குடற்புழுக்களின் முட்டைகளும் அந்நீரில் கலந்து வரும். இவை தடித்த ஓடு உடையவை. மண்ணில் பல மாதங்கள் உயிருடன் கிடப்பவை. கொக்கிப் புழுவின் இளம் புழுவோ, ஈர மண்ணில் வெறுங்காலுடன் நடப்பவரின் தோலைத் துளைத்தே உடலினுள் நுழையும். விடியுமுன் பூப்பறிக்க இறங்குகின்ற பெண்களையும், அவர்களுடன் செல்லும் சிறுவர்களையும் நினைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். பூவை எவரும் உண்பதில்லை என்பதனால் தீங்கில்லை என்று எண்ணுவது தவறு.

2. வெயிலுக்கு இயல்பாக உள்ள ஆற்றல்

பொடி ஏதுமின்றியே சூரிய ஒளி கிருமிகளைக் கொல்லும் என்பது புதிய செய்தியன்று. இங்கிலாந்தில் டௌன்ஸ், பிளன்ட் என்னும் இருவர் 1877-இல் இதனைச் சோதனையால் காட்டினர். ஒளியின் ஊதாப் பக்கத்துக் கதிர்களே இதில் வலிமை மிக்கவை என்பதும் அப்போதே தெரிந்தது. நம் கண்ணுக்குத் தெரியும் ஊதாவுக்கும் அப்பாற்பட்ட கதிர்களைப் புற ஊதாக் கதிர்கள் என்கிறோம்.

1980-ஆம் ஆண்டையொட்டி, பேரூத் நகரின் அமெரிக்கப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த அஃப்திம் அக்ரா என்பவர், கண்ணாடிப் புட்டிகளில் நீரை நிரப்பி வெயிலில் வைத்துக் குடிநீராக்கும் எளிய முறையை உலகுக்கு எடுத்துரைத்தார். பின்னர் சுவிட்சர்லாந்தின் ஈவாக் என்னும் நீராராய்ச்சி நிலையம் அம்முறையை மேலும் ஆராய்ந்தது. தெளிந்த நீரை நிறமற்ற பிளாஸ்டிக் புட்டியில் நிரப்பி, நல்ல வெயிலில் 6 மணி நேரமும், வானம் மூடியிருந்தால் தொடர்ந்து 2 நாட்களும் வைக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த விதி.

நமது மாநிலத்திலேயே இதற்குச் சான்று உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் அந்நகரின் ஏழை மக்கள் பகுதியில், 5 வயதுக்குட்பட்ட 100 குழந்தைகளுக்கு இவ்வாறு வெயிலில் வைத்த நீரைக் கொடுத்தும், வேறு 100 குழந்தைகளை ஒப்பீட்டுக்காக வழக்கம்போல் விட்டும் ஆறு மாதங்கள் கவனித்தனர். 2006-இல் வெளியான முடிவு இது: ஒப்பீட்டுக் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஒரு குழந்தைக்குச் சராசரி 2.7 முறை வயிற்றுப்போக்கு கண்டது. வெயில் நீர் பருகியவர்களுக்கு 1.7 முறையே கண்டது. இக்குழந்தைகளுட் பெரும்பாலோர் இடையிடையே வேறு நீரையும் பருகியிருந்தும் இந்நன்மை தெரிந்தது.

வேலூரில் வெயில் பட்டது தெளிந்த குடிநீர் மேல். சாக்கடை நீரின் மேல் அன்று. கலங்கிய நீரில் ஒளி சிறிது ஆழத்திலேயே நின்றுவிடும். ஆயினும் வெயிலுக்குத் தனியே உள்ள இவ்வாற்றலை மறந்தால், பொடியின் பயனை அளக்கும்போது கணக்குத் தவறிப் போகும். இதனைப் பின்னர்க் காண்போம்.

3. நுண்பொடி செய்யும் வேலை

பேசப்படும் பொடிகளுள் முதன்மையானது டைட்டானியம் டை ஆக்ஸைடு. பெயர் புதிதாகத் தோன்றினாலும் பொருள் நமக்கு அந்நியமன்று. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் உள்ள இல்மனைட் என்னும் தாதுவே இதன் மூலப்பொருள்களுள் ஒன்று. திருவனந்தபுரத்தில் 1946-இல் நிறுவப்பட்ட திருவாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை இதனைச் செய்து வந்திருக்கிறது. சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ட்டின் வெண்மை இதனால் வருவது. செயற்கை நூலின் அளவுமீறிய பளபளப்பை மட்டுப்படுத்தவும் இதனையே சேர்க்கின்றனர்.

இப்பொடிக்கு ஒளியுடன் ஓர் உறவு உண்டென்பதைச் சாயத் தொழிலோர் சுவைக்கத்தக்க வகையில் 1938-இலேயே கண்டனர். லண்டனில் குடீவ், கிச்சனர் என்னும் இரு ரசாயனிகள், இப்பொடியுடன் சேர்ந்த சாயம் ஒளி பட்டதும் வெளுத்துப் போவதை ஆராய்ந்து எழுதினர். 1972-இல் ஜப்பானிய விஞ்ஞானிகளான ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும், ஒளி பட்ட டைட்டானியம் டை ஆக்ஸைடு தண்ணீரையே பிரிக்கவல்லது என்று வெளியிட்டது உலகின் கவனத்தை ஈர்த்தது. 1985-இல் மத்சுநாகா என்பவரும் அவருடைய துணைவர்களும், பிளாட்டினம் சேர்த்த அப்பொடியைக் கொண்டு நீரிலுள்ள நுண்ணுயிர்களை ஒளியால் கொன்று காட்டினர். நாம் ஆராயும் முறையின் தொடக்கம் இதுவே.

வேலை நடக்கும் விதத்தைச் சுருக்கமாகக் கூறுவோம். புற ஊதாக் கதிர் துகளின் மேல் பட்டதும், துகளிலுள்ள ஓர் எலெக்ட்ரான் தன் இடம்விட்டு எழும். அது இருந்த இடம் காலியாகும். காலியான இடம் அருகிலுள்ள தண்ணீரிலிருந்து எலெக்ட்ரானைப் பறிக்கும். எழுந்த எலெக்ட்ரான் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் சேரும். இவ்விரு நிகழ்ச்சிகளாலும் மிகுந்த வேகமுடைய சில பொருள்கள் உண்டாகின்றன. அவற்றுள் தலையாயது ஹைடிராக்ஸில் எனப்படும். இது கணத்தினும் மிகச் சிறிய நேரமே நிலைத்திருந்து, அடுத்திருக்கும் கிருமியின் மேற்சவ்வைத் தாக்கிக் கிழிக்கும். சவ்வு கிழிந்த கிருமி மடியும். துகள் இதில் செலவாவதில்லை; மறுபடியும் ஒளி பட்டால் மறுபடியும் வேலை செய்யும். இத்தகைய பொருளை ஒளி வினையூக்கி என்பர்.

அப்படியாயின் துகள் ஏன் நுண்ணியதாக இருக்க வேண்டும்? நெசவாளர் இதனை எளிதில் உணர்வர். ஒரு பவுண்டு 40-ஆம் நம்பர் நூல் 33,600 கெஜம் நீளும்; அதே ஒரு பவுண்டு 100-ஆம் நம்பர் நூல் 84,000 கெஜம் நீளும். எடை ஒன்றே, சாயம் பற்றுவதற்கு உள்ள மேற்பரப்போ மெல்லிய நூலில்தான் அதிகம். பொடியும் அவ்வாறே. ஒவ்வொரு பக்கமும் 1 சென்டிமீட்டர் உள்ள ஒரு கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அக்கட்டியைப் பக்கம் 10 நானோமீட்டர் உள்ள துண்டுகளாக்கினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர் ஆகும். அதாவது, சர்க்கரைக் கட்டியளவு பொருள் சுமார் 15 சென்ட் நிலமாக விரிகிறது! நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. குடற்கிருமி ஒன்றின் நீளம் சுமார் 2,000 நானோமீட்டர் என்றால், துகளின் சிறுமை விளங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெயின்ட்டுக்குரிய வெள்ளைப் பொடியும் இந்நுண்பொடியும் பெயரால் ஒன்றே, செயலால் ஒன்றல்ல. பெயின்ட் பொடியின் துகள் பருமனானது. மேலும், பெயின்ட் ஒளியில் சிதைந்து உதிராதிருக்கும் பொருட்டு, துகளின் மேல் வேறு பொருளைப் பூசி அதன் ஒளி வினையை வேண்டுமென்றே அடக்கியிருப்பர். மலிவாகக் கிடைக்கிறதென்று அதனை வாங்கித் தொட்டியில் கொட்டுவது வீண்.

4. தோட்டத்துத் தொட்டியில் நேரும் தடைகள்

ஆராய்ச்சிசாலையில் தெளிந்த நீரில் நிகழ்வது, சாக்கடை நீரிலும் அவ்வாறே நிகழும் என எதிர்பார்க்கலாகாது. தடைகள் பின்வருமாறு:

(அ) பூமியை அடையும் சூரிய ஒளியில் புற ஊதாக் கதிர்கள் நூற்றுக்கு சுமார் 5 பங்கே. டைட்டானியம் டை ஆக்ஸைடின் வீரிய வகைக்கு 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளி வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வேலை செய்யுமாறு நைட்ரஜன் சேர்த்த வகையை ஜப்பானியர் 2001-இல் வெளியிட்டனர். அதன் பின் வேறு பல பொருள்களும் ஆராயப்பட்டு வருகின்றன.

(ஆ) கலங்கல் ஒளியை மறைக்கும். பொடியையே மிகுதியாகக் கொட்டினாலும், மேலே மிதக்கும் துகள்கள் கீழுள்ளவற்றுக்கு நிழலாகிவிடும். ஆகவே பொடி கூடக்கூடப் பயன் கூடும் என்பது இல்லை.

(இ) ஹைடிராக்ஸிலுக்குக் கிருமி வேறு, அழுக்கு வேறு என்ற பேதம் தெரியாது. சோப்பு, கஞ்சி, எண்ணெய், சாயம் எல்லாவற்றையும் அது தாக்கும். உப்பு நீர்க் கிணறுகளில் மிகுந்திருக்கும் பைகார்பனேட்டும் அதனை விழுங்கிவிடும். அழுக்கு மிக்க நீரில் கிருமிக்கு எஞ்சும் அடி குறைவு.

(ஈ) குளோரின் கலந்த நீரில் குளோரின் சிறிது நேரம் தங்கிக் காவல் செய்யும். ஒளி வினைக்கு அத்தகைய காவல் இல்லை. வெயில் சாய்ந்ததும் வேலை நின்றுவிடும். அரைகுறையாக அடிபட்ட கிருமிகள் இரவில் தேறிப் பெருகவும் கூடும்.

(உ) கிருமிகள் யாவும் ஒரே திண்மையுடையன அல்ல. குடற்கிருமி விரைவில் மடியும். வித்துறை பூண்ட கிருமிகளும் புழுமுட்டைகளும் எளிதில் மடியா.

(ஊ) நீரில் கலந்த துகளை மீண்டும் பிரித்தெடுப்பது கடினம். எடுக்காவிடில் பொடிச் செலவு நாள்தோறும் ஆவதோடு, துகள்கள் நிலத்திலும் சேரும். இதனாலேயே ஆராய்ச்சியாளர் துகளைக் கண்ணாடி, ஓடு, துணி முதலியவற்றின் மேல் பதித்து, நீரை அதன்மேல் மெல்லிய படலமாக ஓடவிட முயல்கின்றனர். ஸ்பெயின் நாட்டின் அல்மேரியாவிலுள்ள சூரியசக்தி நிலையத்தில், வளைந்த கண்ணாடிகளால் ஒளியைக் குழாய்களின்மேல் திருப்பி நீண்டகாலமாக ஆய்வு நடந்து வருகிறது.

(எ) காய்ந்த பொடியைச் சுவாசிப்பது நன்றன்று. டைட்டானியம் டை ஆக்ஸைடு தூசியைச் சுவாசித்தல் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்ற வகையில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் சேர்த்துள்ளது. உணவுப் பண்டங்களில் நிறத்துக்காக இதனைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் தடை செய்தது. எனவே 'முற்றிலும் தீங்கற்றது' என்ற வாக்கை அப்படியே ஏற்றல் ஆகாது.

5. "நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது" என்னும் கணக்கு

விற்பனைத் துண்டறிக்கைகளில் "99 சதவிகிதக் கிருமிகள் அழியும்" என்று கொட்டை எழுத்தில் இருப்பதைக் காணலாம். 99 என்பது பெரிய எண்ணாகத் தோன்றும். கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பதுபோல் இதனையும் பார்ப்போம்.

100 மில்லிலிட்டர் சாக்கடை நீரில் 1 கோடிக் கிருமிகள் என்று கொள்வோம். 99 சதவிகிதம் மடிந்தால் எஞ்சுவது 1 லட்சம். 99.9 சதவிகிதமானால் எஞ்சுவது 10,000. 99.99 சதவிகிதமானால் 1,000. பச்சையாக உண்ணும் காய்கறிகளுக்குப் பாய்ச்சும் நீரில் 100 மில்லிலிட்டருக்கு 1,000-க்கு மேல் இருத்தலாகாது என்றும், புழுமுட்டை லிட்டருக்கு ஒன்றுக்கு மேற்படலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 1989-இல் வழிகாட்டியது. ஆகவே 99 சதவிகிதம் அழித்த நீரிலும் அவ்வளவைப்போல் 100 மடங்கு கிருமிகள் எஞ்சியிருக்கின்றன. நாம் கேட்க வேண்டியது எத்தனை மடிந்தன என்பதன்று. எத்தனை எஞ்சின என்பதே.

6. சாயக் கழிவுக்கு இது மருந்தாகுமா?

சாயமிடும் அங்கத்தினர் சிலர், நிறத்தையும் இப்பொடி வெளுக்கும் என்பதால் சாயக் கழிவுக்கும் இதுவே போதும் என எண்ணுகின்றனர். நிறம் வெளுப்பது உண்மை. ஆனால் சாயத் தொட்டியில் இடும் உப்பு வெளுக்காது, மறையாது. நிறமற்ற நீர் பார்வைக்குத் தெளிவாகி, உப்பு மட்டும் நிலத்தில் ஏறிக்கொண்டேயிருக்கும்.

திருப்பூரில் நிகழ்ந்ததை நெசவாளரும் விவசாயியும் ஒருங்கே நினைவிற்கொள்ளல் வேண்டும். அங்குச் சாயக் கழிவால் நொய்யலாற்றுப் பாசனம் கெட்டது. ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில், கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாத முறையைக் கையாளுமாறு சென்னை உயர்நீதி மன்றம் 2006-இல் ஆணையிட்டது. அது நிறைவேறாமையால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு உத்தரவிட்டது. நிலமும் இழந்து வேலையும் இழந்த நிலை அது. உப்பைப் பிரிக்கும் வழி வேறு. கிருமியைக் கொல்லும் வழி வேறு. ஒன்றைச் செய்து மற்றொன்றும் முடிந்ததாகக் கருதலாகாது. சாயக் கழிவையும் வீட்டுக் கழிவையும் ஒரே வாய்க்காலில் சேர்க்காதிருப்பதே முதற் கடமை.

7. சங்கம் இப்போது செய்யத்தக்கது

முதலாவதாக, செலவு குறைந்ததும் பயன் தெளிந்ததுமான வழிகளை மேற்கொள்ளலாம். கழிவுநீரை நேராகப் பாத்திக்கு விடாமல் குட்டைகளில் 8 முதல் 10 நாட்கள் தேக்கினால் புழுமுட்டைகள் அடியில் தங்கிவிடும். தெளிந்த மேல்நீரில் வெயில் தன் வேலையைச் செய்யும். கொசு பெருகாமல் கரையின் புல்லை நீக்கிவர வேண்டும். அறுவடைக்கு முன் சில நாட்கள் பாய்ச்சலை நிறுத்தினால், செடியின் மேலுள்ள கிருமிகள் காற்றாலும் வெயிலாலும் நாள்தோறும் பெருமளவு மடியும். நீரை இலையில் படவிடாமல் வேரில் சொட்டவிடுவது மேலும் நன்று. பூப்பறிப்போருக்குக் காலணியும், வேலை முடிந்ததும் கைகழுவச் சோப்பும் நல்ல நீரும் சங்கம் வழங்கினால், அதற்காகும் செலவு ஒரு மூட்டைப் பொடியின் விலைக்குமுன் பெரிதாகத் தோன்றாது.

இரண்டாவதாக, நுண்பொடியைச் சோதித்தே தீர வேண்டும் என்று அங்கத்தினர் விரும்பினால், மூன்று தொட்டிச் சோதனை செய்யலாம். ஒரே அளவுள்ள ஆழமற்ற மூன்று தொட்டிகளில் ஒரே நாளில் ஒரே நீரை நிரப்புக. முதல் தொட்டியில் பொடி இட்டு வெயிலில் வைக்க. இரண்டாவதில் பொடி இடாமல் வெயிலில் வைக்க. மூன்றாவதில் பொடி இட்டு ஒளி புகாமல் மூடி வைக்க. மாலையில் மூன்றிலிருந்தும், மறுநாட் காலை மீண்டும் மூன்றிலிருந்தும், கொதிக்க வைத்துத் தூய்மையாக்கிய கண்ணாடிப் புட்டிகளில் நீர் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, அன்றைக்கன்றே தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்துக்கோ அங்கீகாரம் பெற்ற வேறு கூடத்துக்கோ கொண்டு சேர்க்க வேண்டும்.

முதல் தொட்டிக்கும் இரண்டாவதற்கும் வேற்றுமை இல்லையெனில், கிருமியைக் கொன்றது வெயிலே, பொடியன்று. வெயிலுக்கு நாம் விலை கொடுக்க வேண்டியதில்லை. மூடிய தொட்டியிலும் கிருமிகள் மடிந்திருந்தால், பொடியில் ஒளியின்றியே கொல்லும் நஞ்சு ஏதோ கலந்திருத்தல் கூடும். பயிருக்கு அது ஆகுமா என்று முதலில் தெரிதல் வேண்டும். மறுநாட் காலையின் எண்ணிக்கை மாலையினும் ஏறியிருந்தால், கிருமிகள் தேறிக்கொண்டன என்று பொருள். முதல் தொட்டி மட்டும் தெளிவாக முந்தி நின்று, காலையிலும் அந்நிலை மாறாதிருந்தால் அப்போது மேற்கொண்டு யோசிக்க இடமுண்டு.

மூன்றாவதாக, கொள்முதல் முறை. விற்பவர் கொண்டு வரும் சான்றிதழ் எந்த நீரைச் சோதித்துப் பெற்றது, கிருமி எண்ணிக்கை தொடக்கத்தில் எத்தனை, முடிவில் எத்தனை என்று நிர்வாகக் குழு எழுத்தில் கேட்டுப் பெறல் வேண்டும். துகளைத் திரும்ப எடுக்கும் ஏற்பாடும், அதன் ஆண்டுச் செலவும் ஒப்பந்தத்தில் இருத்தல் வேண்டும். சோதனை முடிவைப் பேரவைக் கூட்டத்தில் படித்துக் காட்டிய பின்னரே தீர்மானம் நிறைவேற்றலாம். முன்பணம் கொடுத்துவிட்டுச் சோதனை செய்வது, நெய்யாத சேலைக்குக் கூலி கொடுப்பது போன்றது.

இம்முறை பயனற்றது என்பது நமது கருத்தன்று. அழுக்கு நீங்கித் தெளிந்த நீருக்கு, பதித்த துகளுடன், கடைசிப் படியாக இது ஒருநாள் நமக்கும் கைகொடுக்கலாம். வெயிலுக்கோ நம் வட்டாரத்தில் குறைவில்லை. ஆனால் முதற்படிகளை ஏறாமல் கடைசிப் படியில் கால் வைக்க இயலாது.

படிப்பு வட்டங்களில் ஆராய்தற்குரிய கேள்விகள்

1. உங்கள் ஊர்க் கழிவுநீர் எந்தெந்தத் தோட்டங்களைக் கடந்து, எங்குச் சென்று சேர்கிறது? படம் வரைக.

2. 100 மில்லிலிட்டரில் 50 லட்சம் கிருமிகள் உள்ள நீரில் 99.9 சதவிகிதம் மடிந்தால் எஞ்சுவது எத்தனை? அந்நீரைக் கீரைக்குப் பாய்ச்சலாமா?

3. மூன்று தொட்டிச் சோதனையில் இரண்டாவது தொட்டி இல்லாவிடில் எத்தகைய தவறான முடிவுக்கு வர நேரிடும்?

4. சாயக் கழிவும் வீட்டுக் கழிவும் உங்கள் தெருவில் எவ்விடத்தில் கலக்கின்றன? அவற்றைப் பிரிக்க ஆகும் செலவை மதிப்பிடுக.

5. பூப்பறிப்போரின் பாதுகாப்புக்குச் சங்கம் இவ்வாண்டு செய்யத்தக்க ஒன்றைத் தீர்மான வடிவில் எழுதி, அடுத்த பேரவைக் கூட்டத்தில் முன்மொழிக.